அருகிவரும் கால்நடை இனங்களுக்கு உறைவிந்து போதாதா?

பால்கணக்கு:
அருகிய இனங்களைப் பண்ணையிலேயே வளர்த்துக் காக்க வேண்டும் என்று மேய்ப்பர் எழுதியிருந்தார். நோக்கத்தை மறுக்கவில்லை, செலவை யார் ஏற்பது என்றுதான் கேட்கிறேன். அருகிய இனப் பத்து மாடுகளின் பாலை, நன்கு கறக்கும் இனத்தின் மூன்று மாடுகளே கறந்துவிடும் என்றால், தீவனமும் நீரும் மாடுகள் வெளிவிடும் மீத்தேன் வாயுவும் குறைகின்றன. அருகிய இனத்தின் விந்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், பல பத்தாண்டுகள் வைத்திருக்க முடியும்போது விவசாயி ஏன் நட்டப்பட வேண்டும்?

மேய்ப்பர்:
நன்கு கறக்கும் அந்த மாட்டையே பார்ப்போம். 1962-இல் பிறந்த ‘சீஃப்’ என்ற, ஹோல்ஸ்டீன் எனும் கறவை இனப் பொலிகாளைக்கு மகள்கள் மட்டும் ஏறத்தாழ 16,000. பால் பெருகியது உண்மை; ஆனால் அதனிடம் மறைந்திருந்த ஒரு மரபணுப் பிழையும் கூடவே பரவியது. தாய், தந்தை இருபுறமிருந்தும் அதைப் பெற்ற கருக்கள் வயிற்றிலேயே அழிந்தன. உலகெங்கும் சுமார் 5,00,000 சினைகள் இப்படிக் கலைந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தங்கள் கணக்கில் இந்த நட்டம் எங்கே?

பால்கணக்கு:
அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் மரபணு ஆய்வுதானே, ஐயா? அதைச் சுமக்கும் காளையையும் பசுவையும் இணைக்காமலிருக்க இன்று ஒரு பரிசோதனை போதும்.

மரபியல் மாணவி:
இருவரும் பாலைவிட்டு நகரவில்லை. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு தாக்கிய செம்மறியின் கீழிமையை விரலால் இழுத்துப் பாருங்கள்: சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் டார்பர் என்ற இறைச்சி இனச் செம்மறிகள் இப்படி நலியும்போது, உருவில் சிறிய, அங்குள்ள நாட்டினமான சிவப்பு மாசாய் ஆடுகள் அதே புழுவைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் உடல் எடைக்காக டார்பர் கிடாக்களை வரைமுறையின்றிக் கலந்ததில் தூய மாசாய் மந்தைகள் சுருங்கிவிட்டன. குடற்புழு மருந்துகளையே புழுக்கள் எதிர்த்து நிற்கும் காலத்தில் இது சிறிய இழப்பன்று. உறைவிந்தில் மரபணு இருக்கும். புழு மாறமாற மந்தையும் தலைமுறைதோறும் மாறுவது அங்கே நின்றுவிடும். மேலும், விந்தை மட்டும் வைத்துக்கொண்டு வேற்றினப் பெட்டையில் தொடங்கினால், பிறக்கும் பெட்டைகளுக்கு மீண்டும் மீண்டும் அதே இன விந்தைச் செலுத்தி ஐந்து தலைமுறை கழித்தும் ஏறத்தாழ 97 சதவீத இனம்தான் மீளும்.

பால்கணக்கு:
கருக்களையும் சேர்த்து உறையவைத்தால் அந்த 97 சதவீதச் சிக்கல் இல்லை. மந்தை நோயோடு சேர்ந்து மாற வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எத்தனை ஆடுகள் வேண்டும்?

மேய்ப்பர்:
தலை எண்ணிக்கையைவிடக் கிடாக்களின் எண்ணிக்கையே முக்கியம். 100 பெட்டைகளுக்கு 5 கிடாக்கள் என்றால், எல்லாக் குட்டிகளுக்கும் தந்தை அந்த ஐந்தே என்பதால், இனப்பெருக்கக் கணக்கில் அந்த மந்தை 19 ஆடுகளுக்குத்தான் சமம். பெட்டைகளை 200 ஆக்கினாலும் 20-ஐ எட்டாது. அதே 100 பெட்டைகளுக்கு 15 கிடாக்கள் இருந்தால் 52. இந்தக் கணக்கில் குறைந்தது 50 வேண்டும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. பதினைந்தையும் ஒருவரே வளர்க்க வேண்டியதில்லை. சில மந்தைக்காரர்கள் சேர்ந்து கிடாக்களை மாற்றிக்கொள்ளலாம். கூடுதலான அந்தப் பத்துக் கிடாக்களின் தீவனத்துக்குத்தான் பொதுப்பணம் கேட்கிறேன்.