பெர்ட், சிபிஎம் (வேலைகளோட வரிசையையும் நாளையும் கணக்குப் போடுற திட்ட முறைகள்): மறக்க முடியாத ஒரு நாள் இருந்தா எழுதுங்க

மணல்மேடு
ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. நாலு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம், பிளானிங் நான். எந்த வேலைக்கு அப்புறம் எதுன்னு காட்டுற நெட்வொர்க் படத்தைப் பெரிய ஷீட்ல பிரிண்ட் எடுத்து சைட் ஆபீஸ் சுவர்ல ஒட்டியிருந்தோம். லிஃப்ட் ஷாஃப்ட் பூச்சு, அப்புறம் கைடு ரெயில், அப்புறம் டெஸ்டிங். இந்த வரிசை சிவப்புல இல்லை; ஒரு நாள் தள்ளினாலும் கட்டடமே தள்ளிப் போற வேலைகளுக்குத்தான் சிவப்பு. மூணுக்கும் தனித்தனியா டோட்டல் ஃப்ளோட், அதாவது முடிவுத் தேதி தள்ளாம தாமதிக்கக் கூடிய அவகாசம், 20 நாள்னு போட்டிருந்தது.

பூச்சு கான்ட்ராக்டர் வந்து ரெண்டு வாரம் தள்ளி ஆரம்பிக்கலாமான்னார். ஃப்ளோட் இருக்கேன்னு சரின்னுட்டேன். அப்புறம் லிஃப்ட்காரர், ரெயில் வந்த பிறகும் ஆள் கிடைக்க 15 நாள் ஆகும்னார். அவருக்கும் 20 இருக்கேன்னு தலையாட்டிட்டேன்.

மறுநாள் காலையில எங்க ஃபோர்மேன் அண்ணன் டீ கிளாஸோட அந்த ஷீட் முன்னாடி நின்னார். அறுபதை நெருங்கினவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. பூச்சு கட்டத்து மேல ஒரு விரல், ரெயில் கட்டத்து மேல ஒரு விரல். நகத்துல காய்ஞ்ச சிமெண்ட். “தம்பி, இந்த இருபதும் அந்த இருபதும் ஒரே இருபதுதானே?”

எனக்குப் பேச்சே வரலை. கட்டடத்தை 9 நாள் தாமதமா ஒப்படைச்சோம்.

கொதிகலன்
நான் பவர் பிளான்ட் ஷட்டவுன் ஆள். 1957-ல டூபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சிபிஎம் போட்டப்ப, ஆலையை நிறுத்திப் பராமரிக்கிற வேலையிலயும் அதை ஓட்டிப் பார்த்தாங்க. அதனால எங்க ஆளுங்களுக்கு அது மேல ஒரு உரிமை உண்டு. என்னைக் கவுத்தது பெர்ட்.

பாய்லரோட மூணு பகுதி, வாட்டர் வால், எக்கனாமைசர், சூப்பர்ஹீட்டர்; மூணு வெல்டிங் டீம். மூணும் முடிஞ்சாத்தான் ஹைட்ரோ டெஸ்ட், தண்ணியை அழுத்திக் கசிவு பார்க்கிறது. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க: நல்லா போனா 4 நாள், வழக்கமா 6, மோசமானா 14. பெர்ட்ல வழக்கமான நாளை நாலு மடங்கா எடுத்துக்கணும்: நாலும், நாலு ஆறு இருபத்து நாலும், பதினாலும் 42. ஆறால வகுத்தா 7. ஏழாம் நாள் ராத்திரி டெஸ்ட்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

அந்த ராத்திரி ரெண்டு டீம் ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு. சூப்பர்ஹீட்டர்ல மட்டும் வெல்டிங் வெளிச்சம். பம்ப் ஆபரேட்டர் அடிக்கடி என் முகத்தைப் பார்க்கிறார். ஒம்பதாம் நாள்தான் டெஸ்ட் நடந்தது. ஒவ்வொரு டீமும் 7-க்குள்ள முடிக்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. மூணும் முடிக்க எட்டுல ஒண்ணு! பாதைகள் வந்து சேர்ற இடத்தை பெர்ட் பார்க்கவே பார்க்காது.

அஸ்திவாரம்
மணல்மேடு, ஃபோர்மேன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா பூச்சைத் தள்ளின அன்னைக்கே தேதியை மாத்தி சாஃப்ட்வேரை மறுபடி ரன் பண்ணியிருந்தா, ரெயிலுக்கு 6 நாள்தான் மிச்சம்னு அதுவே காட்டியிருக்கும். கொதிகலன், பெர்ட் மேல பழி போடாதீங்க. மூணு டீமும் அச்சு அசலா 4, 6, 14 சொன்னப்பவே சந்தேகம் வந்திருக்கணும். ஒருத்தர் சொன்னதை மத்தவங்க திருப்பிச் சொல்லியிருக்காங்க.

என் கதை சின்னது. 5 மீட்டர் ஸ்லாபுக்கு முட்டு பிரிக்க 7 நாள்னு ஒரு பையன் போட்டிருந்தான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-படி நாலரை மீட்டருக்கு மேல போனா 14. திருத்தினதும் அந்த வரிசை முழுக்க சிவப்பாச்சு.

புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். ஆளைக் கேக்கும்போது மோசமான கணக்கை முதல்ல கேளுங்க. நல்ல கணக்கைச் சொன்ன வாய் அப்புறம் பெரிய நம்பர் சொல்லக் கூசும். அதையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேளுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மண் வேலைக்கு மழை நாளைக் கழிச்சுப் போடுங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போற ஆள் பொங்கல் முடிஞ்ச மறுநாளே திரும்ப மாட்டான். ஃப்ளோட் 5 நாளுக்குக் கீழ இருக்கிறதையும் சிவப்பாவே நினைங்க. ஃப்ளோட்டை யார் எடுத்துக்கலாம்னு கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்குங்க, பின்னாடி டைம் எக்ஸ்டென்ஷன் சண்டை வராது.

மணல்மேடு
ரன் பண்ணாதது என் தப்புதான் சார், மாசக் கடைசி அப்டேட்ல பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். ஆனா என்னை உறுத்துறது அது இல்லை. “எப்போ கவனிச்சீங்கண்ணே?”ன்னு அப்புறம் அவரைக் கேட்டேன். ஷீட்டை ஒட்டின அன்னைக்கேன்னார்.

“ஏன் சொல்லலை?”

“மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடலையே தம்பி. படிச்சவங்க, வேற ஏதாச்சும் கணக்கு வெச்சிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”