குளக்கரை சரிந்துவிட்டது, மேலே மண் கொட்டினால் போதுமா?

படகுத்துறை:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். பாசனத்துக்குக் கட்டிய குளம், இப்போது பெடல் படகுக்குத்தான் கூட்டம் வருகிறது. படகுக் குத்தகை என்னிடம். போன மாதம் மீன் பிடிக்கிறவர்கள் மதகை முழுசாகத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மளமளவென்று இறங்கியதும் துறையை ஒட்டி 20 மீட்டர் நீளத்துக்குக் கரை உள்பக்கமாகச் சரிந்து, அலை அரிக்காமலிருக்கக் கரைச் சரிவில் பதித்த அலைகல்லெல்லாம் சேற்றில் கிடக்கிறது. கரை மேல் பிறை மாதிரி ஒரு விரிசல். பத்து லோடு மண் கொட்டித் தட்டிவிட்டால் சரி என்கிறார் ஜேசிபிக்காரர். செய்யலாமா?

பொள்ளாச்சிக்காரன்:
சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை அடுக்குங்கள் அண்ணா. எங்கள் ஊர்க் குட்டையில் நின்றுவிட்டது.

பழைய ஓவர்சியர்:
தம்பி, லோடு கொட்டவே வேண்டாம். குளம் நிறைந்திருக்கும்போது கரைக்குள்ளும் தண்ணீர் ஊறியிருக்கும், வெளியே நிற்கும் தண்ணீர்தான் சரிவைத் தாங்கும். அதைச் சட்டென்று இறக்கினால் தாங்கல் போய்விடும், உள்ளே ஊறியது மட்டும் வடியாது. களிமண் கரையில் அது வடிய வாரக்கணக்கில் ஆகும். அணை கட்டும்போதே இந்த நிலைமைக்குத் தனியாகக் கணக்குப் போடச் சொல்கிறது, மண் அணைகளின் உறுதியைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 7894. உங்கள் குளத்துக்கு யார் போட்டிருக்கப் போகிறார்கள்! உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கில் கரிசல் வேறு. வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அந்த மண்ணைத் திரும்பக் கரைக்குப் போடாதீர்கள்.

இன்றைக்கே விரிசலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கரை மேல் வண்டி போகக்கூடாது. அப்புறம், சரிந்த மண் முழுவதையும், வழுக்கிய தளத்துக்கும் கீழே கெட்டி மண் தட்டுப்படும் வரை, எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்குங்கள்; அடிவாரத்தை முதலில் தோண்டினால் மிச்சக் கரையும் வந்துவிடும். பழைய கரையைப் படிப்படியாக வெட்டினால்தான் புதுமண் பிடிக்கும். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் சரியா என்று பாருங்கள்: மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலில் ஒட்டக்கூடாது. ஜேசிபி பக்கெட்டால் தட்டுவதெல்லாம் கண்துடைப்பு. கடைசியாகச் சரளை, அதன் மேல் அலைகல். சரளை இல்லாவிட்டால் அலை கல்லிடுக்கு வழியாக மண்ணை இழுத்துவிடும்.

மணல் மூட்டை அவசரத்துக்கு அடிவாரத்தில் பாரமாக வைக்கலாம். மேலே அடுக்கினால் அதுவே கரையைத் தள்ளும்.

படகுத்துறை:
நன்றி சார். குளம் நிறைந்திருந்தபோது வயல் பக்கம் அடியில் ஈரம் கசியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய ஓவர்சியர்:
அது வேறு நோய். தெளிந்த நீராகக் கசிந்தால் அடிவாரத்தில் வடிகால் போட்டுக் கவனித்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துப் போகிறது என்று அர்த்தம், விளையாட்டில்லை. எப்படியானாலும் பஞ்சாயத்து மூலம் பாசன இன்ஜினியரை வரவழைத்துக் காட்டாமல் கரையில் கடப்பாரை வைக்காதீர்கள். மீன் குத்தகைப் பத்திரத்தில் மதகை எவ்வளவு திறக்கலாம் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள்.

படகுத்துறை:
ஜூன் மழைக்குள் முடியாவிட்டால்?

பழைய ஓவர்சியர்:
மதகைத் திறந்தே வைத்து நீர்மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த சீசன் படகு ஓடாது தம்பி.