காரணக் கடவுளின் முன் ஆட முடியுமா? ஹைடெகர் குறித்து ஒரு கேள்வி

கேள்வி (ஈரோடு):
எங்கள் வாசிப்பு வட்டத்தில், மெய்ப்பொருளியலின் (இருப்பின் அடிப்படையை ஆராயும் தத்துவத்தின்) இருப்பிறையியல் அமைப்பைப் பற்றி, அதாவது இருப்பைப் பற்றிய கேள்வியும் கடவுளைப் பற்றிய கேள்வியும் அதில் பிணைந்திருப்பதைப் பற்றி, ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெகர் 1957இல் ஆற்றிய உரையை வாசித்து வருகிறோம். தனக்குத் தானே காரணமான கடவுளின் முன் மனிதன் அஞ்சி மண்டியிடவோ, இசைத்து ஆடவோ முடியாது என்கிறார் அவர். இது கடவுள் மறுப்பா? கடவுளை வெறும் காரணமாக்கிவிட்டது என்னும் இக்குற்றச்சாட்டு சைவ சித்தாந்தத்துக்கும் பொருந்துமா? அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கோவை):
மறுப்பு அன்று, ஐயா. இருப்பவை அனைத்துக்கும் பொதுவானது எது, அவற்றுள் மிக உயர்ந்தது எது என்னும் இரு கேள்விகளையும் அரிஸ்டாட்டில் முதலே மெய்ப்பொருளியல் பிணைத்துக் கேட்டு வந்தது. கணக்கு இடிக்கும்போது கடைசியில் எழுதிச் சேர்க்கும் வரியைப் போல, இரண்டாவதற்கு விடையாகக் கடவுள் அங்கே வரவழைக்கப்பட்டார் என்பதே அவர் வாதம். அந்தக் கடவுளைக் கைவிடும் சிந்தனை உண்மையான தெய்வத்துக்கு ஒருவேளை நெருக்கமானதாக இருக்கலாம் என்றும் அவ்வுரையிலேயே சொல்கிறார். ஆனால் அவரை இறையியலின் நண்பராக்கிவிட வேண்டாம். 1927இல் ஜெர்மனியின் தியூபிங்கன் நகரில் ஆற்றிய உரையில், நம்பிக்கையைத் தரவாகக் கொண்ட இறையியல் தத்துவத்தைவிட வேதியியலுக்கே அருகில் நிற்கிறது என்றவர் அவர்.

மறுமொழி 2 (திருப்பூர்):
பிரெஞ்சுக்காரர்களையும் சேர்க்க வேண்டும். 1982இல் தத்துவவாதி மரியோன், 'இருத்தல்' என்பதுகூடக் கடவுள்மேல் நாம் சுமத்தும் ஒரு சிலைதான் என்றும், அன்பே கடவுளின் முதற்பெயர் என்றும் வாதிட்டார். அனுபவத்தில் பொருள்கள் தோன்றும் விதத்தை ஆராயும் நிகழ்வியலுக்குள் மரியோன் போன்றோர் இறையியலைக் கொல்லைப்புற வழியாக நுழைக்கிறார்கள் என்று 1991இல் மற்றொரு பிரெஞ்சுத் தத்துவவாதி ஜானிக்கோ சாடியதில் பாதி நியாயம் உண்டென்றே எண்ணுகிறேன்.

மறுமொழி 3 (பேரூர்):
சித்தாந்தத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கர்த்தாவை ஊகிக்கும், சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, தனித்துப் பார்த்தால் குற்றச்சாட்டுக்குள் அகப்படும். ஆயினும் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கமற்றவை. பானைக்குக் குயவனைப் போல இறைவன் நிமித்த காரணன் (செய்பவன்) மட்டுமே. உயிர்களை அவன் படைக்கவில்லை, பானைக்கு மண்ணைப் போல, உலகுக்கு மூலப்பொருளான மாயையே முதற்காரணம். ஆகவே அனைத்திருப்புக்கும் ஒரே அடித்தளம் என்ற அமைப்பே இங்கு இல்லை. அந்நூலின் பன்னிரண்டாம் நூற்பா அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழச் சொல்லி முடிகிறது. (எங்கள் ஊர்க் கனகசபையில் ஆடுபவனே இறைவன் என்பதை ஹைடெகர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.)

கேட்டவர்:
நன்றி, ஐயா. நிமித்த காரணனும் காரணன்தானே என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் மறுப்பார்.

மறுமொழி 3 தொடர்ச்சி:
மறுக்கட்டும். ஆனால் அவன் தொழில் செய்வது உலகை விளக்குவதற்காக அன்று, உயிர்களின் மலம் (அவற்றைப் பிணிக்கும் அழுக்கு) பக்குவப்படுவதற்காக என்பதையும் சேர்த்துப் படித்துவிட்டு மறுக்கச் சொல்லுங்கள்.