மகன் பாய்மரப் படகுக் கழகத்தில் சேரவேண்டும் என்கிறான். நாங்கள் அங்கே ஒட்டுவோமா?

கிங்ஸ்பெரி அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு லண்டன் கிங்ஸ்பெரியில். வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கம் நடந்துபோகிற தூரம். மூத்தவனுக்குப் பதினொரு வயது. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்து மூன்று நாள் படகு விடக் கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. கட்டிலில் துவாயைக் கட்டிப் பாய் என்கிறான், தும்புத்தடியைச் சுக்கான் என்கிறான், தம்பியை முன்னால் இருத்தி "குனி, குனி" என்று கத்துகிறான்.

அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு கழகத்துக்குப் போனோம். எது என்று சொல்ல விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. கேற் திறந்திருந்தது, உள்ளே ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். பத்து நிமிடம் நின்றோம். ஒருவரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மகன் என் கையைப் பிடித்து இழுத்து "போவோம் அப்பா" என்றான். திரும்பிவிட்டோம். அது எனக்கு இன்னும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

யாராவது இப்படி ஒரு கழகத்தில் இருக்கிறீர்களா? அங்கே வருடம் முழுக்க என்னதான் செய்வார்கள்? போட்டி மட்டுமா? நான் குடிப்பதில்லை, மனைவி மரக்கறி. எனக்கு நீச்சல் தெரியாது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் விடமுடியாது.

ஹரோ பெடியன்:

அண்ணை, காசு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றது தெரிந்தவர்கள் சொல்லட்டும். முதல் வருடம் படகு வாங்கவே வேண்டாம். கழகத்துப் படகுகளை வாடகைக்குத் தருவார்கள். பிள்ளைகளுக்கு ஆர்.வை.ஏ. (இந்த நாட்டுப் பாய்மரப் படகுச் சங்கம்) பாடநெறி நான்கு படிகள் இருக்கிறது, முதல் இரண்டு படியும் முடியட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பிள்ளைகள் தனியே ஓட்டுகிற டொப்பர் படகு, பழையது ஒன்று சில நூறு பவுணுக்கு எடுக்கலாம். தண்ணீர்க் குளிருக்குப் போடுகிற வெட்சூட்டும் பழையதே போதும், ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவான்.

சோளகம்:

தம்பி, லண்டனுக்கு மேற்கே ஒரு நீர்த்தேக்கத்தில் உள்ள கழகத்தில் நான் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் இடம். என்னவர் தண்ணீர்ப் பக்கம் வரமாட்டார், நானும் மகளும்தான். நீங்கள் வாசலில் நின்று திரும்பிய கதையை வாசித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் முதல் நாளும் அப்படித்தான் போனது.

நீங்கள் போனது பத்து, பத்தரைக்கு இருக்கும். பதினொரு மணிக்குப் போட்டி என்றால் அந்த நேரம் எல்லோருக்கும் தலைபோகிற அவசரம். பாயேற்ற வேண்டும், கயிறு பார்க்க வேண்டும், படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும். அப்போது சொந்த மனைவி கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே இடத்துக்கு இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். நனைந்த உடுப்போடு கையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு கதைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் நேரத்தைப் பார்த்துப் போனால் மட்டும் ஒட்டிவிட முடியாது. இது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. எங்களுடையதுபோன்ற சிறிய கழகங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் கிடையாது. கொமடோர் என்று பெரிய பெயரில் தலைவர் ஒருவர் இருப்பார், அவர்தான் கழிவறைக் குழாயையும் திருத்துவார். போட்டி நடத்துவது, பாதுகாப்புப் படகு ஓட்டுவது, சமையலறை, புல் வெட்டுவது என்று எல்லாமே உறுப்பினர்கள் தலையில்தான். டியூட்டி அட்டவணை ஒன்று வரும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை உங்கள் பெயர் இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். உங்களுக்கு அங்கே இடம் கிடைப்பதே அதனால்தான்.

எனக்கு முதலில் தந்த வேலை, போட்டி நடத்துகிறவருக்கு உதவியாளர். கரையில் மரக் கொட்டில் ஒன்று, அதற்குள் இரண்டு கதிரை, ஒரு ஊதுகுழல், கொடிகள். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இரண்டாவது கொடி. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். பூச்சியத்தில் முதல் கொடியும் இறங்க, எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் ஊத வேண்டும். நான் கொடிக் கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன், பக்கத்தில் இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்து "ஐந்து, நான்கு, மூன்று" என்று எண்ணுவார். பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், சுற்று முடித்து வருகிற படகுகளின் பாய் எண்ணை வந்த ஒழுங்கில் பென்சிலால் எழுதுவதுதான் வேலை. மார்ச் மாதக் குளிரில் என் விரல் மடங்கவில்லை. அவர் தன் கையுறையைக் கழற்றித் தந்தார். இரண்டாவது சுற்றுக்குள் தன் மனைவி நினைவு மறந்துபோகும் நோயில் இருப்பதைச் சொன்னார். நான் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பார் மேசையில் ஒரு வருடம் நின்றிருந்தாலும் எனக்கு அப்படி ஒரு சிநேகம் கிடைத்திருக்காது.

குடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பார் இருக்கிறது. ஒன்பது வருடமாக நான் இஞ்சி பியர் குடிக்கிறேன், அதில் மது இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. சாப்பாடு என்றால் பன்றி இறைச்சி வைத்த பாண்தான் அங்கே வேதவாக்கு. என் முதல் சமையலறை டியூட்டிக்கு நான் அறுபது மரக்கறி ரோல்ஸ் செய்துகொண்டு போனேன். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கொஞ்சம் மிளகு, உறைப்புக் குறைத்து. ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. இப்போது அட்டவணையில் என் பெயர் எந்த ஞாயிறு என்று பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்.

வருடம் எப்படிப் போகும் என்றால், வசந்தத்துக்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து படகுத்துறைப் பலகையைச் சுரண்டி வர்ணம் பூசுவோம். மே மாதம் திறந்த நாள், வெளியாட்களை இலவசமாக ஏற்றிச் செல்வார்கள், நீங்கள் போகவேண்டியது அன்றைக்குத்தான். கோடையில் புதன்கிழமை மாலைப் போட்டி. எனக்கு உயிரே அந்தப் புதன்கிழமைதான். ஜூன் கடைசியில் ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் இறங்கும். வேலை முடிந்து நேரே போய், காற்று விழுந்துகொண்டே வரும் நேரத்தில் தண்ணீரில் இருப்பது... சரி, அதை நீங்களே போய்ப் பாருங்கள். நவம்பரில் கோடைப் பருவத்தை முடிக்கிற இராச்சாப்பாடு, பரிசளிப்பு. அதிகம் முறை கவிழ்ந்தவருக்கும் ஒரு பரிசு உண்டு, அதற்குத்தான் பெரிய கைதட்டல். அதற்குப் பிறகு நல்ல புத்தியுள்ளவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, பனிக்காலத் தொடர் போட்டி அப்போதுதான் தொடங்கும்.

போட்டி என்றால் பெரிய படகு வைத்திருப்பவன்தான் வெல்வான் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு படகு வகைக்கும் போர்ட்ஸ்மத் எண் என்று ஒன்று இருக்கிறது. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பிரித்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். வேகமான படகுக்குச் சிறிய எண். பெரிய பாய் போட்ட லேசர் படகுக்கு 1100 அளவில், உங்கள் மகன் ஓட்டப்போகும் டொப்பருக்கு 1360ஐத் தாண்டும். அதனால் கரைக்குக் கடைசியாக வந்த சின்னப் பிள்ளை, கணக்குப் பார்த்தபிறகு மூன்றாவதாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. தண்ணீரில் நடுவர் என்று விசில் ஊத ஒருவரும் இல்லை. காற்றை வலப்பக்கத்தில் வாங்கி வருகிற படகுக்கு, இடப்பக்கத்தில் வாங்குகிறவர் வழிவிட வேண்டும். விடாமல் இடைஞ்சல் செய்தால் அவரே இரண்டு முழுச் சுற்று சுற்றித் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டும். போட்டிப் பாதையைக் காட்டுகிற மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில், மூலை மிதவையில் அவளுடைய பாயின் அடித்தண்டு லேசாக உரசியது. பின்னால் வந்தவர்களும் காணவில்லை, கரையில் இருந்த நானும் காணவில்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள், இரண்டு இடம் பின்னால் போனாள். காரில் வரும்போது ஏன் சுற்றினாய் என்று கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தட்டின சத்தம் எனக்குக் கேட்டதே அம்மா" என்றாள்.

கிங்ஸ்பெரி அப்பா:

அக்கா, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், ரோல்ஸ் இடத்தில் சிரித்துவிட்டா. நீச்சல் பற்றி மட்டும் சொல்லுங்கள். மகன் ஐம்பது மீற்றர் நீந்துவான். எனக்குத்தான் பயம்.

மரக்கலம்:

நான் கொஞ்சம் மறுபக்கமும் சொல்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் நான்கு வருடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். காலை ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் வீடு திரும்ப நாலு மணி. கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா எல்லாம் இந்த நாட்டில் ஞாயிறுதான். சொந்தக்காரர் குறை சொல்வார்கள். படகு ஓட்டாத சின்னப்பிள்ளை கரையில் அலுத்துப்போய் அழும். வெயில் காலத்தில் பாசி பெருகி நஞ்சாகிவிட்டது என்று தண்ணீரை மூடினால், அந்த மாதம் காசும் வீண். ஆசை என்றால் போங்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

சோளகம்:

மரக்கலம் சொல்வது அத்தனையும் உண்மை. எங்கள் வீட்டிலும் மாமியோடு இரண்டு வருடம் கதை பேச்சில்லாமல் இருந்தது, ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பிந்திப் போனதால். நான் கண்ட வழி, மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் என்று முதலிலேயே முடிவெடுப்பது. புதன் மாலை யாருடைய கொண்டாட்டத்தோடும் மோதாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விடவேண்டியதும் இல்லை. என் மகள் ஏ லெவல் தமிழ் எடுத்துத்தான் முடித்தாள். சின்னவரை சும்மா கரையில் விடாமல் பிடி போட்ட சின்னக் கைவலை ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெல்ஷ் ஹார்ப்பில் கொண்டை முக்குளிப்பான் பறவைகள் கூடு கட்டும், குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிற இடம் அது.

நீச்சல். எல்லோருமே மிதவை அங்கி போட்டுத்தான் இறங்குவார்கள், போடாமல் இறங்க விடமாட்டார்கள். வேகமாக நீந்தத் தேவையில்லை. தண்ணீரில் விழுந்தால் பதறாமல் படகைப் பிடித்துக்கொண்டிருக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். கவிழ்வதை முதல் கிழமையிலேயே வேண்டுமென்று கவிழ்த்துப் பழக்குவார்கள். நான் பழகிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. படகு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, பாய் தண்ணீரில் விரிந்து கிடக்கிறது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் இரண்டு கையையும் வைத்துத் தொங்கினேன். ஒன்றும் அசையவில்லை. பிறகு அதில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்தேன். முதலில் பாய் தண்ணீரை விட்டுப் பிரிகிற சத்தம் வந்தது, நனைந்த சீலையை உதறுகிற மாதிரி. அப்புறம் படகு தானாக எழும்பியது. பதினொரு வயதுப் பிள்ளையும் டொப்பரை அப்படித் தனியே நிமிர்த்தும். நீங்கள் வளர்ந்தோருக்கான நீச்சல் வகுப்பில் சேருங்கள், அதுவரை கரையில் கொடி பிடிக்கலாம். ஒன்று கவனம்: நீர்த்தேக்கத் தண்ணீரில் எலிச் சிறுநீரால் நோய் வரலாம். காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், சாப்பிட முன்னால் கை கழுவச் சொல்லுங்கள்.

"நாங்கள் அங்கே ஒட்டுவோமா" என்று தலைப்பில் கேட்டிருந்தீர்கள். என் அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, வேறு பெயர் வைத்தார். எங்கள் ஊர்க் கடலோடிகளே அதைப் பாயிலே ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்த ஊரில் வளர்ந்த நான், கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தும், சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை என்பதால் ஒரு வள்ளத்திலும் ஏறியதில்லை. சுக்கானைக் கையில் பிடித்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அன்று தென்மேற்கில் இருந்துதான் காற்று. பயிற்றுவித்தவர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். சோளகம் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கொட்டிலில் தொங்கும் வெண்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார். இன்றும் தென்மேற்குக் காற்று அடித்தால் நாலைந்து பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கிங்ஸ்பெரி அப்பா:

அக்கா, இன்று இரண்டேகால் மணிக்கு அதே இடத்துக்குத் திரும்பப் போனோம். ஒரு வயதான அம்மா பாயை மடிக்க ஆள் இல்லாமல் நின்றா. மகன் கேட்காமலே ஓடிப்போய் மற்ற நுனியைப் பிடித்தான். முக்கால் மணி நேரம் கதைத்தோம். அடுத்த ஞாயிறு அவனைத் தன்னோடு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறா. எனக்குச் சமையலறையில் பாத்திரம் துடைக்க ஆள் தேவையாம், சரி என்றுவிட்டேன். மனைவி ஒன்று கேட்கச் சொன்னா: ரோல்ஸை முதல்நாள் இரவே சுருட்டி வைக்கலாமா, காலையில்தான் சுருட்ட வேண்டுமா?

சோளகம்:

இரவே சுருட்டிப் பாண் தூளில் பிரட்டி, ஈரத்துணி மூடிக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பொரிப்பது மட்டும் காலையில். முதல்முறைக்கு நாற்பது போதும். மகனுக்கு மாற்று உடுப்பு இரண்டு சோடி எடுத்துப் போங்கள், முதல் சோடி கரையிலேயே நனைந்துவிடும்.