டெங்கியும் வைட்டமின் டி-யும்: ரத்தம் எப்போது எடுப்பது?

மாதிரிக்குழாய்:
சிங்கப்பூரில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்புக்கு ஆய்வுத் திட்டம் எழுதுகிறேன். டெங்கி உறுதியாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 60 பேர், பலதுறை மருந்தகத்துக்கு வழக்கமான பரிசோதனைக்கு வருபவர்கள் 60 பேர். இரு தரப்பிலும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடலின் வைட்டமின் டி இருப்பைக் காட்டும் ரத்த அளவு) பார்த்து, 20 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே, அதாவது குறைபாட்டோடு, எத்தனை பேர் என்று ஒப்பிட நினைத்தேன். நோயாளிகளுக்குச் சேர்ந்த அன்றே ரத்தம். மேற்பார்வையாளர் ஓரத்தில் "எது முந்தி, எது பிந்தி?" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். எதை மாற்றுவது? 60 போதுமா?

சீரம்:
அவர் கேட்டது சரியான கேள்வி. உடலில் அழற்சி ஏறும்போது இந்த அளவு தானாகவே இறங்கும். காய்ச்சலில் கிடப்பவரின் ரத்தத்தில் குறைவாக இருந்தால், குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா என்று பிரிக்கவே முடியாது. வைட்டமின் ஏ-யிலும் இதே சிக்கல்தான்.

டெங்கியில் இன்னும் மோசம். 25-ஹைட்ராக்ஸியின் பெரும்பகுதி ஒரு பிணைப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. காய்ச்சல் தணியும் கட்டத்தில் பிளாஸ்மா கசியும், புரதமும் கூடவே போகும். அதற்கு மேல் சலைன் ஏற்றினால் மிச்சமும் நீர்த்துப்போகும். கடுமையான நோயாளிகளுக்குத்தான் கசிவும் சலைனும் அதிகம். ஆக, 'குறைவு உள்ளவர்களுக்குக் கடுமை' என்ற முடிவு உங்கள் ஊசியே உண்டாக்கியதாக இருக்கலாம்.

'சேர்ந்த அன்று' என்பதையும் விடுங்கள். ஒருவருக்கு அது காய்ச்சலின் 3ஆம் நாள், இன்னொருவருக்கு 6ஆம் நாள். காய்ச்சல் நாளைக் கணக்கிட்டு, முதல் 3 நாளுக்குள், சலைனுக்கு முன் எடுங்கள். அதே குழாயில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும்), ஆல்புமின் (ரத்தப் புரதம்), ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மூன்றும் பாருங்கள். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ஒரு மாதிரி. இடையில் வைட்டமின் மாத்திரை தொடங்கினாரா என்று அப்போது கேட்க மறக்காதீர்கள்.

பைப்பெட்:
ஆய்வுக்கூடப் பக்கம். முடிந்தால் எல்சி-எம்எஸ் (மூலக்கூறைப் பிரித்து, எடை பார்த்து அளக்கும் முறை). இம்யூனோஅசே (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறை) என்றால் பயோட்டின் என்ற வைட்டமினால் தொல்லை உண்டு: முடி, நகத்துக்கென்று விற்கும் 5 முதல் 10 மி.கி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில கருவிகளில் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். எடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம், ஆனால் காய்ச்சலோடு வருபவரிடம் அது நடக்காது. கேட்டு எழுதி வையுங்கள்.

சீரம் குழாய், 30 நிமிடம் உறைய விட்டு, சுழற்றி, 0.5 மி.லி. பங்குகளாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில். 25-ஹைட்ராக்ஸி கெட்டியான மூலக்கூறு, எளிதில் கெடாது. (நாளைக்கு வைட்டமின் சி-யும் சேர்க்க ஆசைப்பட்டால் கதை வேறு: உடனே அமிலத்தில் நிலைப்படுத்தாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.) நோயாளி மாதிரியையும் ஒப்பீட்டு மாதிரியையும் கலந்து ஒரே தொகுதியில் ஓட்டுங்கள். எது யாருடையது என்று கருவியில் அமர்பவருக்குத் தெரியக்கூடாது. அலகும் கவனம்: 20 நானோகிராம்/மி.லி. என்பது 50 நானோமோல்/லிட்டர். இரண்டையும் குழப்பிய அட்டவணைகள் நிறைய.

வாய்ப்புவிகிதம்:
60 போதாது. குறைபாடு ஒரு பக்கம் 30 விழுக்காடு, மறுபக்கம் 20 என்று வைத்தால், 80 விழுக்காடு திறனுக்கு (உண்மையில் உள்ள வித்தியாசம் ஆய்வில் தெரிவதற்கான வாய்ப்பு), தரப்புக்குச் சுமார் 293 பேர் வேண்டும். 20 நானோகிராம் என்று கோடு கிழித்து இரண்டாக வெட்டாமல் அளவைத் தொடர்ச்சியாகவே வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லாததால் பருவத் திருத்தம் பெரிய தலைவலி இல்லை. இங்கே தலைவலி இனக் கலவை. மலாய்க்காரர், இந்தியரிடம் சராசரி அளவு சீனரைவிடக் குறைவு. பலதுறை மருந்தகத்து வரிசையின் கலவை வேறாக இருந்தால் வித்தியாசம் அதிலிருந்தே வந்துவிடும். வயது, பாலினம், இனம் பார்த்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஒப்பீட்டு ஆளை இணை சேருங்கள். வெயிலில் வேலை செய்பவருக்கு வைட்டமின் டி கூடுதல். கொசுக்கடியும் வேறாக இருக்கலாம், அதனால் வேலையையும் கேளுங்கள். முதல் தொற்றா இரண்டாவதா என்பதை ஐஜிஜி (தொற்றுக்குப் பின் ரத்தத்தில் தங்கும் எதிர்ப்பொருள்) வைத்துப் பிரிக்காமல் கடுமையைப் பற்றிப் பேசவே கூடாது.

ஆசையையும் அளவோடு வையுங்கள். சுவாசத் தொற்றுக்கு வைட்டமின் டி கொடுத்த சோதனைகளை 2017இல் தொகுத்தபோது வாய்ப்பு விகிதம் 0.88 (1.00 என்றால் பலனே இல்லை). இன்னும் பல சோதனைகள் சேர்ந்த 2025 தொகுப்பில் 0.94, நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 1.00ஐத் தொட்டுவிட்டது.

மாதிரிக்குழாய்:
அப்படியானால் நோய்க்கு முன்பே எடுத்துச் சேமித்த ரத்தம் இருந்தால்?

சீரம்:
அதுதான் உத்தமம். ஏற்கெனவே நடக்கும் குழு ஆய்வில் (ஒரே ஆட்களைப் பல ஆண்டு தொடரும் ஆய்வு) பின்னால் டெங்கி வந்தவர்களையும், அதே மாதத்தில் ரத்தம் கொடுத்து டெங்கி வராதவர்களையும் எடுங்கள். டெங்கி பெரும்பாலும் அறிகுறி இல்லாமலே வந்து போகும் என்பதால், 'வராதவர்'களின் பிந்திய மாதிரியிலும் ஐஜிஜி பாருங்கள். அந்த ரத்தத்தைக் கொடுத்தவர்கள் பிற்கால ஆய்வுக்கும் ஒப்பினார்களா என்று படிவத்தை முதலில் படியுங்கள். 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி நெறிமுறைக் குழு முதலில் கேட்பதே அதைத்தான். சேமிப்பு கிடைக்காவிட்டால் தலைப்பைச் சுருக்கி, 'முதல் 3 நாள் அளவும் பிந்திய கடுமையும்' என்று மாற்றி எழுதுங்கள்.