மறு: சுற்றுச்சூழல் வரியின் சுமையைக் குறிக்க ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> பாடநூலில்தான் 'தேய்வுவீத வரி' இருக்கிறதே. கார்பன் வரிக்கும் அதையே எழுதினால் என்ன?

வருமானம் கூடக்கூட வீதம் ஏறினால் வளர்வீத வரி, மாறாதிருந்தால் விகித வரி, குறைந்தால் தேய்வுவீத வரி. மூன்றும் வகுப்பறையில் வேரூன்றிவிட்ட சொற்கள். அவற்றை அசைக்க வேண்டாம். ஆனால் கார்பன் வரி (கரியமில வாயுவை வெளியேற்றும் எரிபொருள்மீது போடுவது) போன்ற சுற்றுச்சூழல் வரியில் வீதம் தேய்வதே இல்லை. லிட்டருக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு. யார் வாங்கினாலும் அதேதான். தேய்வது, வருமானத்தில் அந்த வரி பிடிக்கிற பங்கு.

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லித்தருகிறேன், அதனால் எங்கள் பக்கத்துக் கணக்கையே சொல்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டார்கள். அது ஓய்வூதியத்துக்கான வரி, சுற்றுச்சூழலுக்கானது அல்ல. ஆனாலும் சுமை விழும் விதம் கார்பன் வரி போலத்தான். மாதம் 12,000 ரூபாய் வருமானத்தில் மொபட்டில் வியாபாரம் செய்கிறவர் 15 லிட்டர் போட்டால் செஸ் 30 ரூபாய், அதாவது வருமானத்தில் 0.25 சதவீதம். மாதம் 1,20,000 ரூபாய் வாங்குகிறவர் காருக்கு 60 லிட்டர் போட்டால் 120 ரூபாய், 0.1 சதவீதம். அதிகத் தொகை கட்டுவது கார்க்காரர், அழுத்துவது மொபட்காரரை. போதாததற்கு, காரில் பொள்ளாச்சிக்குப் போய்வருகிறவர்கள் விலை குறைவு என்று அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்கிறார்கள்.

சரி, வண்டியே இல்லாத கூலிக் குடும்பம்? பெட்ரோலுக்கென்று அவர்கள் நேராக எதுவும் கட்டுவதில்லை. வாளையாறு வழியாக வரும் காய்கறி லாரியின் டீசலில்தான் அவர்கள் பங்கு சேர்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைந்த நாட்டில் பெட்ரோல் வரி வசதியுள்ளவர் மேலேயே கூடுதலாக விழலாம். பிரான்சின் கிராமப்புறங்களில் கார் இல்லாமல் வேலைக்குப் போவதே கஷ்டம். அதனால்தான் 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் மேலங்கிப் போராட்டம் வெடித்தது, அரசும் அந்த உயர்வைக் கைவிட்டது. பெட்ரோல் வரி ஓரிடத்தில் வசதியுள்ளவரை அதிகம் அழுத்துகிறது, இன்னோரிடத்தில் வசதி குறைந்தவரை. 'தேய்வுவீதம்' என்று வரியின் நெற்றியில் எழுதிவிட்டால் இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மாறும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் வெப்பமூட்டும் எரிபொருள்மீது கார்பன் வரி உண்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்புகிறது. மக்களுக்குத் தலைக்கு ஒரே தொகை, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு குடும்பங்களிலும் வசூலான 150 ரூபாயை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்துப் பாருங்கள். மொபட்காரருக்கு 45 ரூபாய் மிச்சம், கார்க்காரருக்கு 45 ரூபாய் செலவு. வீதத்தில் கைவைக்கவே இல்லை, சுமை மட்டும் திசை திரும்பிவிட்டது.

ஆகவே சுமையின் திசையைச் சொல்லும் சொல் வேண்டும். என் முன்மொழிவு: கீழ்ச்சுமை (வருமானத்தில் வரியின் பங்கு குறைந்த வருமானத்தாருக்கே அதிகம்), சமச்சுமை (எல்லோருக்கும் ஒரே பங்கு), மேற்சுமை (வசதியுள்ளவருக்கே அதிகம்). 'இந்தியாவில் மண்ணெண்ணெய் வரி கீழ்ச்சுமையானது', 'பணத்தைத் தலைக்குச் சமமாகத் திருப்பினால் கார்பன் வரி மேற்சுமையாகும்' என்று வாக்கியத்தில் தடையில்லாமல் உட்காருகிறது.

> 'ஏழைச்சாய்வு' என்றால் உடனே புரியுமே?

புரியும், ஆனால் தலைகீழாக. சாய்வு என்றதும் ஏழைக்கு ஆதரவான வரி என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

> 'கீழ்' என்பது மனிதரைத் தாழ்த்துகிற ஒலி உடையது.

இந்தக் கவலை நியாயமானது, இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எனவே 'கீழ்' என்பது சுமைக்கு மட்டுமே அடைமொழியாக வரவேண்டும். 'கீழ்வருமானத்தார்' போன்ற ஆக்கங்களைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, அங்கே 'குறைந்த வருமானத்தார்' என்றே எழுதுவோம். மேற்சுமையைக் கூடுதல் சுமை என்று யாராவது வாசிக்கக்கூடும். மூன்றையும் சேர்த்தே விளக்கினால் அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், திருப்பிக் கொடுப்பதற்கு 'வரி மறுசுழற்சி' என்று எழுதியிருந்தீர்கள். குப்பைத் தரம்பிரிப்போடு ஒட்டிப்போன சொல் அது. 'வரி மீள்பங்கீடு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.