தையல் அறையில் இஸ்திரிப் பெட்டி: வைக்கும் இடம், சூட்டுக் காயம், ஊசிக் காயம் பற்றிய ஐயங்கள்

கேள்வி: நூல்கண்டு (ஈரோடு)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் முன்னறையைத் தையல் அறையாக்கி, ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை ஆகியவற்றைத் தைத்துக் கொடுத்து வருகிறேன். இரண்டு தையல் இயந்திரங்கள், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓர் ஓவர்லாக் இயந்திரம், அவற்றுக்கு நடுவே ஒரு தேய்ப்பு மேசை என்று இடம் நெருக்கடியாகவே இருக்கிறது. உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவர் ஓவர்லாக்கை விட்டு எழுந்து வந்தபோது, தரையில் கிடந்த இஸ்திரிப் பெட்டியின் வயர் காலில் சிக்கியது. பெட்டி மேசையிலிருந்து சரிந்து, கீழே அமர்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த மற்றவரின் முன்கையில் பட்டுவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து பற்பசை தடவினார்கள். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுப்பதற்குள் அந்தப் பெண் துடித்துப்போனார். இப்போது புண் ஆறி வருகிறது.

சூடு பட்ட அந்த நிமிடத்தில் உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும், இவ்வளவு சிறிய அறையில் தேய்ப்பு மேசையை எங்கே போடுவது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இயந்திர ஊசி விரலில் ஏறினால் என்ன செய்வது என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆரி வேலை (கொக்கி ஊசியால் மணி, கல் பதிக்கும் பூவேலை) செய்த ரவிக்கைகள் நிறைய வருவதால், ஊசி முறிவது எங்களிடம் அடிக்கடி நடக்கிறது.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலி (மதுரை)

சகோதரி, முதலில் தண்ணீர், பிறகும் தண்ணீர்தான். குழாயைத் திறந்து, பட்ட இடத்தை ஓடுகிற சாதாரணக் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது என்று கையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தோலின் மேற்பரப்பு ஆறிய பிறகும் அடியிலுள்ள சூடு திசுக்களைத் தொடர்ந்து சிதைத்துக்கொண்டிருப்பதால்தான் அந்த 20 நிமிடம் தேவைப்படுகிறது. உடனே செய்ய முடியாமல் போனாலும், காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பனிக்கட்டி வைக்கக்கூடாது, அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கி, வெந்த தோலை மேலும் கெடுக்கும். பற்பசை, பேனா மை, மஞ்சள், வெண்ணெய், காப்பித்தூள் என்று நம் வீடுகளில் வழங்கும் எதுவும் சூட்டைத் தணிப்பதில்லை. அவை சூட்டை உள்ளேயே மூடி வைக்கின்றன. கிருமிகளுக்கும் வழி விடுகின்றன. காயம் எவ்வளவு ஆழமானது என்று மருத்துவர் பார்க்கவும் முடியாமல் செய்துவிடுகின்றன.

தண்ணீரில் காட்டும்போதே மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. கண்ணாடி வளையல் என்றால் உடைத்து எடுக்கும் தொல்லையும் சேரும். உருகிய நைலானோ பாலியெஸ்டரோ தோலில் ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்க முயலாதீர்கள், தோலும் சேர்ந்து வந்துவிடும். அதன் மேலேயே தண்ணீர் விட்டுக்கொண்டிருங்கள். பிறகு, பஞ்சு வைக்காமல், உணவுப்பொருள் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ, வெளுத்த சுத்தமான பருத்தித் துணியையோ தளர்வாக மேலே வைத்து மூடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு என்பது எங்கள் கணக்கு. அந்த அளவைவிடப் பெரிய காயம் என்றாலும், முகம், கை, பாதம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும் தாமதிக்கக்கூடாது. தோல் வெளுத்தோ கருகியோ இருந்து வலியே தெரியவில்லை என்றால் பலர் நிம்மதி அடைகிறார்கள். நரம்பு முனைகளும் வெந்துபோன ஆழமான காயத்தில்தான் வலி தெரியாது. அங்கேதான் அதிகம் கவலைப்பட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் சிறிய காயத்துக்கும் போய்க் காட்டுவது நல்லது. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். நடை பழகும் வயதுக் குழந்தை தொங்கும் வயரைப் பிடித்து இழுக்கும், அல்லது பளபளப்பான அடித்தட்டை விரித்த உள்ளங்கையால் தொடும். உள்ளங்கைக் காயம் ஆறும்போது தோல் சுருங்கி விரல்கள் மடங்கிப்போகும் அபாயம் உண்டு. சில குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை வரை போக நேர்கிறது. சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆன பெட்டியையும் சூடானதாகவே கருதுங்கள்.

பதில் 2: லைன் சூப்பர்வைசர் (திருப்பூர்)

செவிலி அம்மா சொன்னதற்கு மேல் முதலுதவியில் சேர்க்க எதுவும் இல்லை. இடத்தைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

உங்கள் அறையில் நடந்ததற்குக் காரணம், எழுந்து நடக்கும் வழியை வயர் குறுக்கே வெட்டியதுதான். யாருடைய கவனக்குறைவும் அல்ல. தேய்ப்பு மேசையை அறையின் நடுவிலிருந்து எடுத்து, மின்பொருத்து இருக்கும் சுவரை ஒட்டி, வாசலுக்கு எதிர்ப்புற மூலையில் போடுங்கள். வயர் தரையில் கிடக்கவே கூடாது. பின்னலாடைத் தொழிற்சாலைகளில் அதை மேலிருந்து தொங்கவிட்டு, ஒரு ஸ்பிரிங்கில் மாட்டியிருப்பார்கள். பெட்டியை நகர்த்தும்போது வயர் கூடவே நீளும், விட்டால் மேலே போய்விடும். வீட்டிலும் கூரைக் கொக்கியில் இதைச் செய்யலாம். துணியில் உரசாமல் இருப்பது கூடுதல் லாபம். மேசையின் உயரம் நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோளும் வலிக்காது, பெட்டியும் கையில் நிற்கும். அந்த மேசைக்குக் கீழேயும் பக்கத்திலும் யாரும் தரையில் அமர்ந்து கைவேலை செய்யக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஏற்பாடு செய்தாலும் பெட்டி ஒரு நாள் விழத்தான் செய்யும். விழும் இடத்தில் ஆள் இருக்கக்கூடாது.

பெட்டியை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா என்று எங்கள் ஆட்களிடையே எப்போதும் வாக்குவாதம் உண்டு. வீட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆடுகிற மேசையில் நிமிர்த்தி வைத்த பெட்டி ஓர் இடியில் சாய்ந்துவிடும். விளிம்பு உயர்ந்த ஓர் இரும்புத் தாங்கியில் படுக்க வைப்பதே என் விருப்பம். தண்ணீர்ப் பாட்டிலை மேலே தொங்கவிட்டு ஆவி விடும் பெரிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லை, அதற்கென்று கொடுக்கும் சிலிகான் பலகையில் படுக்கத்தான் வைக்க வேண்டும். அந்த வகைப் பெட்டியில், ஆவியின் விசையை அழுத்தும்போது இடது கை துணியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கொதிநீர் பட்டால் ஏற்படுவதைவிட ஆவி பட்ட காயம் மோசமாக இருக்கும், ஏனென்றால் ஆவி தோலில் பட்டு நீராக மாறும்போது தன்னுள் வைத்திருக்கும் மறை வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது.

இனி ஊசி. ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் முறிந்த ஊசிக்கு ஒரு பதிவேடு உண்டு. ஊசி முறிந்தால், அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பசைநாடாவில் ஒட்டி, ஊசியின் முழு உருவமும் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த இடத்திலிருந்த துணிகள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்து உலோகம் கண்டறியும் கருவியில் விடுவார்கள். குழந்தைகள் ஆடையில் ஊசி முனை போய்விடக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் இது. தைப்பவரின் விரலுக்கும் இதே கணக்குத்தான் பொருந்தும். விரலில் ஊசி ஏறியவுடன் பெடலிலிருந்து காலை எடுத்து, மோட்டாரின் சுவிட்சை அணைக்க வேண்டும். பதறிக் கையை இழுக்கக்கூடாது. ஊசி முழுதாக இருந்தால், கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே தூக்கி விரலை விடுவிக்கலாம். பிறகு ஓடும் நீரில் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்து, ஊசித் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு துண்டு குறைந்தாலும், ஊசி எலும்பில் இடித்ததுபோல் தோன்றினாலும், எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. சேப்டிபின்னால் கிளறித் தேடும் பழக்கம் துண்டை இன்னும் உள்ளே தள்ளும்.

ஆரி வேலை ரவிக்கையில் ஊசி முறிவதற்குக் கல்லும் மணியும்தான் காரணம். தையல் போகும் கோட்டில் உள்ள மணிகளைக் குறட்டால் நசுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தின் நூலை முடிச்சிட்ட பிறகு தையுங்கள். மணி அடர்ந்த ஓரங்களில் மோட்டாரை நம்பாமல் கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாகப் போவது பாதுகாப்பானது. முறிந்த முனை கண்ணை நோக்கித் தெறிக்கும் என்பதால், சாதாரணக் கண்ணாடி அணிவதுகூடப் பெரிய காப்பு. கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல், கண்ணை அழுத்தாமல் மூடி, நேராகக் கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பதில் 3: வயரிங் பணியாளர் (சேலம்)

சகோதரி, பெட்டி எத்தனை வாட் என்று நீங்கள் எழுதவில்லை. 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பொருத்து அதைத் தாங்கும். 2000 வாட் ஆவிப் பெட்டி 8.7 ஆம்பியர் இழுப்பதால், 16 ஆம்பியர் பொருத்தில் மட்டும்தான் போட வேண்டும். தையல் மோட்டார்கள், மின்விசிறி, பெட்டி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பதைப் பல தையல் அறைகளில் பார்க்கிறேன். அந்தப் பாக்ஸின் வயர் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

மூன்று முனை பிளக்கில் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு முனைப் பொருத்தில் செருகுவது வேண்டவே வேண்டாம். பெட்டியின் உடலில் பெரும்பகுதி உலோகம். உள்ளே காப்பு கருகி மின்சாரம் உடலில் ஏறினால், எர்த் வயர் ஒன்றுதான் அதைத் தரைக்குக் கொண்டு போகும். பெட்டியைத் தொடும்போது சுர்ரென்று லேசாக உணர்ந்தால், செருப்புப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது கைப்பிடியில் வயர் நுழையும் கழுத்துதான்; மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்து பொறி வரும். அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றுவது மருந்தல்ல, வயரையே மாற்ற வேண்டும். சூடான பெட்டியின் மேல் வயரைச் சுற்றி வைக்காதீர்கள். ஆவிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

எம்.சி.பி. (மின்பலகையில் சுமை மிகும்போது தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது வயர் எரியாமல் காப்பதற்கு; மனிதருக்கு அதிர்ச்சி ஏற்படும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு அல்ல. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். யாராவது அதிர்ச்சியில் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, 108 ஐ அழையுங்கள். வெட்டுத் துணிக் குவியலில் தீப்பிடித்தாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும், மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. ஓர் உலர்பொடித் தீயணைப்பான் வாசலருகே மாட்டியிருந்தால் நல்லது.

மறுகேள்வி: நூல்கண்டு (ஈரோடு)

மூவருக்கும் மிக்க நன்றி. எங்களுடையது 1000 வாட் பெட்டி. மேசையை இன்றே மூலைக்கு நகர்த்திவிட்டோம், ஆர்.சி.சி.பி. இல்லை என்பதும் தெரிந்துவிட்டது, ஆள் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒட்டும் கேன்வாஸின் (சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் உள்துணி) பசை அடித்தட்டில் பிடித்துக்கொண்டால், பெட்டி சூடாக இருக்கும்போதே பாராசிட்டமால் மாத்திரையைத் தேய்க்கச் சொல்கிறார்கள், அது சரியா? மின்வெட்டு நாளில் பழைய கரிப்பெட்டியை அறைக்குள் பயன்படுத்தலாமா?

பதில் 4: பழைய தையற்காரர் (கும்பகோணம்)

மாத்திரை வேலை செய்யும். அது 169 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்திக்கு வைக்கும் சூடு ஏறத்தாழ 200 டிகிரி என்பதால், உருகிய மருந்து கருகிய பசையைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் விரல் நுனியில் பிடித்த சின்ன மாத்திரையை அந்தச் சூட்டில் தேய்ப்பது, வலியப் போய்ச் சூடு வாங்கிக்கொள்வதற்குச் சமம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாத்திரையை இடுக்கியால் பிடித்து, புகையை முகரும்படி குனியாமல், சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிறகு மடித்த பருத்தித் துணியால் துடையுங்கள். பூச்சு இல்லாத அடித்தட்டு என்றால், தாளில் உப்பைப் பரப்பி மிதமான சூட்டில் அதன் மேல் தேய்த்தாலும் போகும். பசை ஒட்டாமலிருக்க, கேன்வாஸுக்கும் பெட்டிக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைப்பதுதான் என் வழக்கம், அதற்கு மேல் எனக்கு வேறு வித்தை தேவைப்பட்டதில்லை.

கரிப்பெட்டியை அறைக்குள் வைக்கவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். அவசரம் என்றால் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துத் தேயுங்கள். பெட்டியை வீசிக் கனல் எழுப்பும்போது பொறி பறக்கும் என்பதால், வாடிக்கையாளரின் பட்டுப்புடவையும் பாலியெஸ்டர் துணியும் பக்கத்தில் இருக்க வேண்டாம். மிஞ்சிய கரியின் மேற்புறம் கறுத்துவிட்டாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதை வெட்டுத் துணிக் கூடையருகே கொட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே வைத்து, மறுநாள் எடுங்கள்.